கார்பன் மாஸ்க்: பஞ்சுத் தூசுக்குச் சரி, கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னுக்கு ஆகாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிக்க நேரம் இல்லாதவர்களுக்காக. பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் லைனிலோ கட்டிங்கிலோ பஞ்சுத் தூசுக்குப் போடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இந்த மாஸ்க்குக்கு ஐந்துக்கு நான்கு ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம். தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங்கில் கறை எடுக்கிற ஸ்ப்ரே கன் அடிக்கும் டேபிளில், அதுவும் மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் கொடுப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்பதுகூட மரியாதைக்குத்தான், ஏனென்றால் அந்த இடத்தில் மாஸ்க் இல்லாமல் இருப்பதைவிட இதைப் போட்டுக்கொண்டு இருப்பது சில நேரம் மோசம். அது எப்படி என்று கீழே வருகிறேன்.

பிராண்ட் பெயர் போடவில்லை. போட்டும் பயனில்லை, இதே மாஸ்க் ஆன்லைனிலும் இங்கே சேஃப்டி சாமான் விற்கிற கடைகளிலும் ஏகப்பட்ட பெயர்களில் கிடைக்கிறது. சாம்பல் நிறம், நடுவில் இரண்டாக மடிக்கலாம், ஒரு பக்கம் வெள்ளை வால்வு, உள்ளே கறுப்பாக ஒரு கார்பன் அடுக்கு, கவரின் மேல் 'தூசு, புகை, வாசனை, ரசாயனம் எல்லாவற்றுக்கும்' என்கிற மாதிரி வாசகம். எங்களுக்கு மொத்தமாக வாங்கியதில் ஒன்று 40 ரூபாய்க்குள் வந்தது.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ், அதாவது விதிகள் ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிக்கிற வேலை, பார்க்கிறேன். ஆடிட் வருகிறது என்றால் ஸ்டோரில் இருந்து மாஸ்க் பெட்டி வெளியே வரும், ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் மாஸ்க் எல்லாம் கழுத்துக்கு இறங்கும். இது ஊர் அறிந்த கதை, எந்த ஒரு கம்பெனியையும் தனியாகக் குறை சொல்லவில்லை. இந்த முறை ஆடிட்டுக்காக வாங்கவில்லை. செக்கிங்கில் இரண்டு பேர், ஓவர்லாக்கில் ஒருத்தர் என்று மூன்று பேர் மாசமாக இருந்தார்கள், சூப்பர்வைசர் வந்து "இவங்களுக்காவது நல்ல மாஸ்க்கா வாங்கிக் குடுங்க மேடம்" என்றார், அப்படி வாங்கியது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஓவர்லாக் மெஷினில் கத்தி துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே போவதால் பிசிறு பறந்துகொண்டே இருக்கும், குளிர்கால ஆர்டருக்கு ஃப்ளீஸ் துணி ஓடும்போது கேட்கவே வேண்டாம், கண் இமையில் கூடப் பஞ்சு ஒட்டும். அந்த இடத்தில் இந்த மாஸ்க் நன்றாகவே வேலை செய்தது. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கலர் கலராக வருவது நின்றுவிட்டது என்று ஓவர்லாக் பெண்ணே சொன்னார். கவரில் இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 9473 என்றும் எஃப்எஃப்பி2 என்றும் போட்டிருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரையோடு லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஃப்எஃப்பி1 என்றால் குறைந்தது 80 சதவீதத் துகளைப் பிடிக்க வேண்டும், எஃப்எஃப்பி2 என்றால் 94. சும்மா 'என்95 டைப்' என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே கிடையாது, டைப் என்று போட்டால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

வால்வு இருப்பது கர்ப்பிணிகளுக்கு உண்மையிலேயே உதவி. மாசமாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு உள்ளே இழுக்கும் காற்று 30 முதல் 50 சதவீதம் வரை கூடும், பிள்ளைக்கும் சேர்த்துத்தானே மூச்சு. அதனால் மாஸ்க் போட்டால் மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் சீக்கிரம் திணறும். வால்வு இருந்தால் வெளியே விடுகிற சூடான காற்று உள்ளேயே தேங்காது. இதே கணக்கை இன்னொரு பக்கமாகவும் பார்க்கணும்: ஒரே டேபிளில், ஒரே காற்றில் நிற்கும் இரண்டு பெண்களில் மாசமாக இருப்பவர் உடம்புக்குள்தான் அதிக அழுக்கு போகும்.

மாட்டிக்கொள்வதுதான் சிரமம். இது காதில் மாட்டுகிற எலாஸ்டிக் மாடல். தலைக்குப் பின்னால் போகிற ஸ்ட்ராப் மாடல்தான் முகத்தில் சரியாக ஒட்டும், ஆனால் கொண்டையும் பூவும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். காது மாடலில் தோடு சிக்கும், மூக்குத்தி போட்டவர்களுக்கு மேலே இருக்கும் அலுமினியப் பட்டி உட்காராமல் இரண்டு பக்கமும் இடைவெளி விழும், அந்த இடைவெளி வழியாகத்தான் முக்கால்வாசிக் காற்று போகும். கன்னத்தோடு ஒட்டாத மாஸ்க்கில் 94 என்ற எண்ணெல்லாம் கவரில் மட்டும்தான். இன்னொன்று, துவைக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் சோப்பு போட்டு அலசி ஹாஸ்டல் கொடியில் காயப்போட்டு மறுநாள் பளிச்சென்று போட்டுக்கொண்டு வந்தார்கள். இந்த மாதிரி மாஸ்க் தூசைப் பிடிப்பது துணிக்குள் இருக்கும் மின்னேற்றத்தால், சோப்பில் அது போய்விடும், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். கவரில் இதை ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருக்கிறார்கள். செக்கிங்கில் பாதிப்பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள், அவர்களுக்குத் தமிழில் போட்டாலும் உதவாது, படம் போட்டால்தான் உண்டு. அதற்குத்தான் ஒரு ஸ்டாரைக் குறைத்தேன்.

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். பனியன் கம்பெனிப் பிசிறு வேறு, மில் பஞ்சு வேறு. பஞ்சைப் பிரித்துச் சீவுகிற ப்ளோரூம், கார்டிங் பக்கம் பறப்பது கழுவாத பச்சைப் பஞ்சின் தூசு, அதில் இலைத்தூள், பாக்டீரியாக் கழிவு எல்லாம் இருக்கும், ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பது அதனால்தான், பிசினோசிஸ் என்பார்கள். அமெரிக்காவில் 1978-லேயே நூல் மில்லுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் பஞ்சுத் தூசுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள், அதை மெஷினில் உறிஞ்சு குழாய் வைத்துத்தான் குறைத்தார்கள், மாஸ்க் அதற்கு அடுத்த வரிசையில்தான் வந்தது. சரி, செக்கிங்குக்கு வருகிறேன்.

திருப்பூரில் செக்கிங் டேபிள் தெரியாதவர்கள் குறைவு, இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்காக. தைத்து முடித்த பனியனில் மெஷின் எண்ணெய்க் கறையோ நிட்டிங்கிலேயே விழுந்த ஆயில் லைனோ இருந்தால், கரண்டில் ஓடுகிற ஒரு ஸ்ப்ரே கன்னில் கறை எடுக்கும் திரவத்தை ஊற்றி ஊசி மாதிரிப் பீய்ச்சி அடிப்பார்கள். கறை போய்விடும், திரவமும் ஒரு நிமிடத்தில் ஆவியாகிவிடும், துணியில் ஒரு அடையாளமும் இருக்காது. ஆவியானது எங்கே போகிறது? குனிந்து அடிக்கிறவர் மூக்குக்குத்தான்.

அந்த திரவம் பெரும்பாலும் கடையில் 5 லிட்டர் கேனில் வரும், பெயர் 'ஸ்பாட் லிஃப்டர்', 'ஸ்டெயின் ரிமூவர்' என்று எதுவாகவும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குப் பெயரை நம்ப வேண்டாம், எம்எஸ்டிஎஸ் என்கிற பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள், அதில் மூன்றாவது பகுதியில் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள அடையாள எண்ணான சிஏஎஸ் எண் இருக்கும். 75-09-2 என்று இருந்தால் டைக்ளோரோமீத்தேன், 79-01-6 டிரைக்ளோரோஎத்திலீன், 127-18-4 பெர்க்ளோரோஎத்திலீன், 108-88-3 டொலுவின். டொலுவின் என்றால் அதே தாளில் எச்361டி என்று ஒரு குறி இருக்கும், கருவில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் செய்யலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது என்பது அதற்கு அர்த்தம். டிரைக்ளோரோஎத்திலீனை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் குழுவில் சேர்த்தது. 2024-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதற்குத் தடை விதி கொண்டுவந்தது, டைக்ளோரோமீத்தேனுக்கும் அதே ஆண்டில் பெரும்பாலான உபயோகங்களில் தடை.

இதில் கர்ப்பிணிகள் விஷயத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது டைக்ளோரோமீத்தேன்தான். உடம்புக்குள் போன பிறகு கல்லீரல் அதை உடைக்கும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அறையில் அடுப்புக்கரி மூட்டிக்கொண்டு தூங்கியவர்களைக் கொல்கிற அதே வாயுதான், இங்கே அளவு குறைவு, ஆனால் உடம்பே தயாரிக்கிறது. அது ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தாயின் ரத்தத்தைவிடக் கருவின் ரத்தம் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், விடுவதற்கும் நேரம் எடுக்கும். ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகும் உடம்பில் சேர்ந்தது உடைந்துகொண்டுதான் இருக்கும். நம் ஊரில் மாசமாக இருக்கிற பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்த சோகை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே ஆக்சிஜன் சுமக்கிற ஆள் குறைவு, இருக்கிற ஆளையும் இது பிடித்து வைத்துக்கொள்கிறது.

இப்போது மாஸ்க். தூசுக்கு ஆன அடுக்கு ஆவியைத் தடுக்காது, எஃப்எஃப்பி2 இல்லை எஃப்எஃப்பி3-யே ஆனாலும் ஆவிக்கு அது வலை மட்டும்தான். அதற்குத்தானே கார்பன் அடுக்கு இருக்கிறது என்று விற்கிறவர் சொல்வார். அந்த அடுக்கு ஒரு மெல்லிய தாள், அதில் இருக்கும் கார்பன் தொல்லை தருகிற லேசான வாடையைக் குறைக்கப் போதும், அவ்வளவுதான். கன் அடிக்கிற இடத்து ஆவியில் அது சீக்கிரமே நிரம்பிவிடும். கவரைப் பிரித்து டேபிள் மேல் வைத்தால் போடாமலேயே நிரம்பும்.

செக்கிங்கில் போட்டுப் பார்த்த பெண் முதல் நாளே சந்தோஷமாக வந்து "வாசமே வரலீங்க்கா" என்றார். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. டைக்ளோரோமீத்தேனுக்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்திருந்த வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு. மூக்குக்குத் தெரியவே 200 பங்கு அளவுக்கு வர வேண்டும். அதாவது வாசம் தெரிந்தால் வரம்பைத் தாண்டி ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம், வாசம் தெரியவில்லை என்றால் ஒன்றுமே அர்த்தம் இல்லை. இத்தனை நாள் வாடை தாங்காமல் அவ்வப்போது எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தவர், மாஸ்க் வந்த பிறகு ஒன்றரை ஷிப்ட் முழுக்க அதே டேபிளில் உட்கார்ந்தார். மேலே 'மோசம்' என்று எழுதினேனே, அது இதுதான்.

அப்போ பெரிய மாஸ்க் வாங்கலாமா, இரண்டு பக்கமும் டப்பா வைத்த ரப்பர் மாஸ்க்? டொலுவினுக்கு, பெர்க்ளோவுக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்டால் ஓரளவு பிடிக்கும், குறித்த நேரத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால். டைக்ளோரோமீத்தேன் அந்தக் கார்ட்ரிட்ஜையும் சீக்கிரமே தாண்டி வந்துவிடும், அதனாலேயே ஓஷா விதியில் இந்த ஒரு பொருளுக்குக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் செல்லாது, குழாயில் வெளியே இருந்து சுத்தமான காற்று கொடுக்கணும். திருப்பூர் செக்கிங் ஹாலில் ஏழு மாசக்காரி முதுகில் காற்றுக் குழாயோடு பனியன் பார்க்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். கறை எடுக்கிற ஒரு பனியனுக்கு என்ன விலை கிடைக்கும்?

ஆகவே காசு செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் மாஸ்க்கில் போடாதீர்கள். கன்னை செக்கிங் ஹாலில் இருந்து வெளியே எடுத்துத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள், டேபிள் மட்டத்திலேயே உறிஞ்சுகிற எக்ஸாஸ்ட் வைத்த ஸ்பாட்டிங் டேபிள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சுவரில் மேலே ஓட்டை போட்டு மாட்டுகிற ஃபேன் போதாது, இந்த ஆவியெல்லாம் காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும், மேலே இருக்கிற ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், கீழே ஆவி நின்றுகொண்டே இருக்கும். புழுக்கத்துக்காக வைக்கிற பெடஸ்டல் ஃபேன் அதைவிட அநியாயம், கன் அடிக்கிறவர் முகத்தில் இருந்து எடுத்துப் பக்கத்து டேபிளில் இருக்கிற ஐந்து பேருக்குப் பங்கு வைத்துக் கொடுக்கும். அந்த ஐந்து பேருக்கு யாரும் மாஸ்க்கும் கொடுக்கவில்லை.

திரவத்தையே மாற்றுவது இன்னும் நல்லது. நம்மிடம் சரக்கு வாங்குகிற பெரிய பையர்கள் பலர் ஒத்துக்கொண்டிருக்கும், துணித் தொழிலில் ஆபத்தான ரசாயனங்களைக் குறைக்கிற ஜெட்டிஎச்சி (ZDHC) அமைப்பின் தடைப் பட்டியலில் மேலே சொன்ன மூன்று குளோரின் திரவங்களும் ஏற்கெனவே இருக்கின்றன, டையிங்குக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு செக்கிங் கேனை யாரும் பார்ப்பதில்லை. ஆடிட்டர்கூட கெமிக்கல் ஸ்டோரைப் பார்ப்பார், செக்கிங் டேபிள் அடியில் இருக்கிற பெயரில்லாத வாட்டர் பாட்டிலைப் பார்க்க மாட்டார். தண்ணீரில் கரைகிற கறை எடுக்கும் திரவங்கள் இருக்கின்றன, கொஞ்சம் தாமதம், உலர்த்தணும், பீஸ் ரேட்காரர்கள் முணுமுணுப்பார்கள். மெஷினில் எண்ணெய் ஒழுகுவதைச் சரி செய்தாலே கன் வேலை நிறையக் குறையும், இது மெக்கானிக் வேலை, மாஸ்க் விலையில் பாதி ஆகாது.

மாசமாக இருக்கிறவரை அந்த டேபிளில் இருந்து மாற்றுவதுதான் உடனே செய்ய முடிந்தது, நாங்களும் அதைத்தான் செய்தோம், பேக்கிங்கில் உட்கார்ந்து டேக் போடுகிற வேலை, அதே சம்பளத்தில். 'அதே சம்பளம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அது இல்லாவிட்டால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். காண்ட்ராக்டில் வருகிற பெண்கள் நான்கைந்து மாதம் வரைக்கும் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டுதான் வருகிறார்கள், தெரிந்தால் 'வீட்டுல ரெஸ்ட் எடும்மா' என்று அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பிள்ளைக்கு இதயம், மூளை, கை கால் எல்லாம் உருவாகிற காலம் முதல் இரண்டு மூன்று மாதம்தான். நம் சட்டத்திலோ, 1961 மகப்பேறு பயன் சட்டம் தொட்டு வருகிற விதிப்படி, கர்ப்பிணி கேட்டால் கடினமான வேலை, நீண்ட நேரம் நிற்கிற வேலை கொடுக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வது பிரசவத்துக்கு முந்தைய பத்து வாரங்களுக்கு. 2017-ல் விடுப்பை 26 வாரமாக்கியதும் நல்லதுதான், அதிலும் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க முடிவது 8 வாரம். கன் ஆவி பற்றிய கவலை ஆரம்பிக்கிற நேரத்துக்கும் சட்டம் வந்து சேர்கிற நேரத்துக்கும் நடுவே ஆறு மாதம் போல இடைவெளி. ஆகவே யார் மாசம் என்று கண்டுபிடித்து மாற்றுகிற முறை எப்போதும் லேட்டாகத்தான் வரும்.

அப்படியானால் கல்யாணமான பெண்களை கன் பக்கமே விட வேண்டாம் என்று ஒரு முதலாளி யோசனை சொன்னார், நல்ல எண்ணத்தில்தான். இதை அமெரிக்காவில் ஒரு பேட்டரிக் கம்பெனி, ஜான்சன் கன்ட்ரோல்ஸ், 1982-லேயே செய்து பார்த்தது, பிள்ளை பெற முடியாது என்று டாக்டர் சான்று கொடுத்தால் தவிர எந்தப் பெண்ணுக்கும் ஈயம் படுகிற வேலை கிடையாது என்று. நல்ல சம்பளம் அந்த வேலையில்தான். 1991-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஈயம் ஆண்களையும்தான் கெடுக்கும், அவர்களை மட்டும் உள்ளே விட்டது எந்தக் கணக்கில் என்ற கேள்விக்குக் கம்பெனியிடம் பதில் இல்லை. நம் கன் டேபிளிலும் பாதி இடங்களில் பையன்கள்தான் நிற்கிறார்கள், அவர்களுக்கும் தலைசுற்றல் வருகிறது, தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள்.

தொழிலாளியாக இதைப் படிக்கிறவர்களுக்கு: எம்எஸ்டிஎஸ் கேட்பது உங்கள் உரிமை, பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 111ஏ பிரிவு தொட்டு வருகிற விதி வேலையிடத்துச் சுகாதாரம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டு வாங்கலாம் என்கிறது. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சேஃப்டி கமிட்டியில் இருக்கிறவர் மூலமாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு செக்கப் போகும்போது கேனில் இருக்கிற லேபிளை போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், 'பனியன் கம்பெனி வேலை' என்று மட்டும் சொன்னால் அவருக்கு தையல் மெஷின்தான் மனதில் வரும்.

மாஸ்க் வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக. தூசு வேலைக்குக் கார்பன் அடுக்கே தேவையில்லை, அது இல்லாத வெள்ளை எஃப்எஃப்பி2 வால்வு மாடல் இதைவிட மலிவு, மூச்சும் கொஞ்சம் லேசு. ஒருவருக்கு ஒரு மாஸ்க் ஒரு நாளைக்கு என்று கணக்குப் போட்டு வாங்குங்கள், நனைந்தால் அன்றே இன்னொன்று. 5 பேக் விலை அதிகம், 50 பெட்டியாக எடுத்தால் நன்றாகக் குறையும். ரிட்டர்ன் பாலிசி கிடையாது, முதலில் இரண்டு மூன்று வாங்கி மூக்குத்தி போட்ட ஒருவருக்கு மாட்டிப் பார்த்துவிட்டு பெட்டி ஆர்டர் கொடுங்கள்.